புகை போன வழி

தருமபுரி பேருந்து நிலையத்தில் பென்னாகரம் வண்டிகள் நிற்கும் பக்கம் அரை மணி நேரம் நின்றால் ஒரே ஊரின் பெயரை மூன்று விதமாகப் படித்துவிடலாம். ஒரு வண்டியில் ஒகேனக்கல். இன்னொன்றில் ஓகேனக்கல், முதலெழுத்து நெடிலாக. வெளியூர் வேன் ஒன்றின் கண்ணாடியில் ஹொகேனக்கல். நடத்துநர் கூவும்போது இந்த மூன்றும் இல்லை. நடு உயிரை விழுங்கிவிட்டு ‘ஒக்னக்கல், ஒக்னக்கல்’ என்று நாலாவது ஒன்று வருகிறது. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் அந்தப் பெயரை ஆங்கில ஓகேவாகவும் தமிழ் நக்கலாகவும் பிரித்து ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்புத்தான் வந்தது. இதே பெயருக்குப் பெரியவர்கள் சொல்லும் சில விளக்கங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் மோசமில்லை.

வழிகாட்டி நூல்களில் பெயர்ப் பொருள் இரண்டு வரியில் முடிந்துவிடும். கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை; கல் என்றால் கல். அருவி விழும் வேகத்தில் திவலை எழும்பிப் பாறைமேல் புகையாக நிற்கிறது. ஆகவே புகையும் கல். இதில் பிழை இல்லை. ஆனால் படிப்பவர் மனத்தில் தங்குவது பொருளன்று, ‘கன்னடத்தில்’ என்ற அந்த முதல் சொல்தான். ஏதோ வேற்றூர்ச் சரக்கு ஆற்றோடு அடித்துக்கொண்டு வந்து நம் கரையில் ஒதுங்கியதுபோல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. ஹொகெ எங்கிருந்தும் வரவில்லை. அது நம் வீட்டுப் புகைதான். அடுப்படியிலிருந்து கிளம்பிய அந்தச் சொல் அருவிக்கரைக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்த்துவிட்டால், இந்த மாவட்டத்தின் பாதி ஊர்ப் பெயர்களும் கூடவே வாய் திறந்துவிடும்.

கடைசி எழுத்திலிருந்து தொடங்கலாம். தமிழில் ஐ என்று முடியும் சொற்கள் கன்னடத்தில் எ என்று முடியும். தலை அங்கே தலெ, மழை மளெ, மலை மலெ. ஒகேனக்கல்லுக்கு அக்கரையில், காட்டுக்கு அப்பால் இருக்கும் மாதேஸ்வரன் மலையை அவர்கள் ‘மலெ மஹதேஸ்வர’ என்பார்கள். நாம் மலையைப் பெயரின் கடைசியில் வைக்கிறோம், அவர்கள் முதலில் வைக்கிறார்கள், மலை ஒன்றே.

அடுத்தது நடுவில் உள்ள ககரம். எழுத்தில்தான் க; புகையில் வரும் க-வை நாமும் முகத்தில் வருவதுபோல மெலிந்த ஒலியாகத்தான் சொல்கிறோம். கன்னடத்தில் அந்த மெலிந்த ஒலிக்குத் தனி எழுத்து உண்டு, நமக்கு இல்லை. அவ்வளவே வேறுபாடு.

மூன்றாவது, உகரம் ஒகரமாகும் இடம். அடுத்த அசையில் அ அல்லது ஐ வந்தால், தமிழ் எழுத்துவழக்கில் உ, இ என்று நிற்கும் முதல் உயிர், கன்னடத்தில் ஒ, எ என்று இறங்கிவிடும். குடை கொடெ ஆகும், நுரை நொரெ ஆகும், உரல் ஒரளு ஆகும். இலை எலெ, நிலை நெலெ, விலை பெலெ. ஒன்றிரண்டு சொற்களில் நடந்த தற்செயலன்று. பர்ரோவும் எமெனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இந்த ஏற்ற இறக்கத்தைக் காணலாம்.

இதற்கு அகராதிகூடத் தேவையில்லை. நாம் வாய் திறந்து பேசினாலே போதும். எழுதும்போது இலை என்று எழுதுபவர் பந்தியில் ‘எல போடு’ என்றுதானே சொல்கிறார்? குடையை ‘கொட’ என்றும் விலையை ‘வெல’ என்றும் நுரையை ‘நொர’ என்றும் சொல்லாத தமிழ் வீடு எது? புகையும் அப்படித்தான். அடுப்பில் ஈர விறகை வைத்தவரைப் பார்த்து எந்த மாமியாரும் ‘புகை வருகிறது’ என்றதில்லை. ‘பொக வருது’ என்பார். பேச்சுத் தமிழின் பொகவையும் கன்னடத்தின் ஹொகெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடையில் மிஞ்சுவது முதல் மெய் ஒன்றுதான்: ப், ஹ். எழுத்துத் தமிழை வைத்துக்கொண்டு கன்னடத்தைப் பார்க்கும்போது தெரியும் தூரம், பேச்சுத் தமிழை வைத்துப் பார்க்கும்போது பாதியாகச் சுருங்கிவிடுகிறது. நம் பேச்சை நாமே கொச்சை என்று ஒதுக்கி வைத்ததில் அக்கம்பக்கத்து உறவு பலவும் கண்ணுக்குத் தெரியாமல் போயின.

அந்த ப், ஹ் கதைதான் இந்த மாவட்டத்தின் கதை.

பழைய கன்னடத்தில் இந்தச் சொற்கள் ப-வில்தான் தொடங்கின. பம்பன் காவியம் எழுதிய 10ஆம் நூற்றாண்டுக் கன்னடத்தில் சொல்முதல் ப் உறுதியாக இருந்தது. அந்த நூற்றாண்டை ஒட்டிக் கல்வெட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஹ் தலைகாட்டத் தொடங்கி, அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் மொழி முழுவதும் பரவிவிட்டது. உதடு இரண்டும் ஒட்டிப் பிரிய வேண்டிய ஒலி, ஒட்டாமலே வெறும் மூச்சாக வெளியேறத் தொடங்கியது. பால் ஹாலு ஆயிற்று. பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பன்றி ஹந்தி, பூ ஹூ. துங்கபத்திரைக் கரையில் பம்பை என்ற பெயரிலிருந்து வந்த ஊர் ஹம்பி. பம்பனின் பெயர் புத்தகத்தில் இருந்ததால் பம்பனாகவே நின்றுவிட்டது. ஊர்ப் பெயர்கள் ஜனங்களின் வாயில் இருந்ததால் மாறிப்போயின.

சரி, தமிழர் வாயில் அது விழுந்தபோது என்ன ஆயிற்று? தமிழில் சொல்முதலில் ஹ் நிற்பதில்லை. கிரந்த எழுத்தாக எழுதிக் காட்டலாமே ஒழிய, பேச்சில் அது கரைந்துவிடும். ஹொகெ ஒகெ ஆயிற்று. ப் மூச்சாகி, அந்த மூச்சும் போய், முதலில் மெய்யே இல்லாமல் வெறும் உயிர் நிற்கிறது. பொகெ, ஹொகெ, ஒகெ.

இது ஒகேனக்கல்லுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைத் தருமபுரியிலிருந்து எந்தப் பக்கம் பேருந்து ஏறினாலும் பார்க்கலாம். தெற்கே நல்லம்பள்ளி. வடமேற்கே சின்னாற்று அணை இருக்கும் பஞ்சப்பள்ளி. இவற்றில் பள்ளி பள்ளியாகவே இருக்கிறது. பாலக்கோட்டுப் பக்கம் போனால் சோமனஹள்ளி, எர்ரனஹள்ளி, மாரண்டஹள்ளி. பள்ளியும் ஹள்ளியும் ஒரே சொல்தான்: குடியிருப்பு, சிற்றூர். தமிழில் அது சமணர் தங்கிய இடமாகி, பாடம் சொல்லும் இடமாகி, இன்று மணி அடிக்கும் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கிறது. கன்னடத்தில் பழைய பொருளிலேயே சிற்றூராக இருக்கிறது. ஊர்ப் பலகைகளைப் பாருங்கள்: அதே ஊரை ஒரு பலகை ஹள்ளி என்று எழுதும், அடுத்த பலகை ஹ-வை விட்டுவிட்டு அள்ளி என்று எழுதும். பள்ளி, ஹள்ளி, அள்ளி என்று ஒரு சொல்லின் மூன்று வயதையும் ஒரே மாவட்டத்தில், ஒரே நாளில், நகரப் பேருந்துக் கட்டணத்தில் பார்த்துவிட்டு வரலாம். எர்ரனஹள்ளியில் இன்னொரு சுவை உண்டு. எர்ர தெலுங்கு, ஹள்ளி கன்னடம், பலகையில் எழுதியிருப்பது தமிழ். அரூர்ப் பக்கத்தில் அ.பள்ளிப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. பள்ளியும் ஊர், பட்டியும் ஊர். முன்னதன் பொருள் மறந்தபிறகு பின்னதை ஒட்டியிருப்பார்கள்.

2004 பிப்ரவரி 9 வரை இந்த மாவட்டத்தில் இருந்து, பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போன ஓசூர் இன்னும் தெளிவான சாட்சி. ஹொச என்றால் புதிய. ஊரு என்றால் ஊர். ஹொசூரு, ஒசூர், ஓசூர். தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு புதூர் இருக்கிறதே, அதன் கன்னட உடன்பிறப்புத்தான் ஓசூர். அங்கேயும் முதலில் இருந்த ப் ஹ்-வாகி, ஹ் காணாமல் போனது. அங்கேயும் எழுத்தில் குறிலா நெடிலா என்ற அதே தடுமாற்றம். பழைய ஓலைகளில் எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டைக் காட்டும் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே எழுதுவார்கள். வீரமாமுனிவர் வகுத்த மாற்றம் அச்சு வந்த பிறகுதான் நிலைபெற்றது. பேருந்துப் பலகைகளின் சண்டைக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்த வரிசையிலிருந்து காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். ப் ஹ்-வாக மாறும் முன்பே தமிழர் இந்தப் பெயரைக் கேட்டு எடுத்துக்கொண்டிருந்தால் இன்று அது பொகேனக்கல் என்றுதான் இருக்கும். ப-வைச் சொல்ல நமக்கு என்ன தடை? ஒகேனக்கல் என்று ப் இல்லாமல் இருப்பதால், பெயர் நம் வாய்க்கு வந்து சேர்ந்தபோது கன்னடத்தில் மாற்றம் முடிந்திருந்தது என்று கொள்ள வேண்டும். தருமபுரி வட்டாரத்துக்கும் கன்னடத்துக்கும் உள்ள உறவோ அதைவிடப் பழையது. 9ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட நொளம்பர் கன்னடத்தில் கல்வெட்டுப் பொறித்தார்கள். பின்னால் ஹொய்சளர், விஜயநகரத்தார், மைசூர் உடையார், ஹைதர், திப்பு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், தருமபுரி அடங்கிய பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி வரிக்கணக்கு எழுதினார். கன்னடம், தெலுங்கு, தமிழ், மராத்தி எல்லாம் புழங்கிய கச்சேரி அது. அங்கே ஊர்ப் பெயர்கள் ஒரே எழுத்தில் நின்றிருந்தால்தான் ஆச்சரியம்.

கொஞ்சம் வெளியே போய்வரலாம், ஏனென்றால் இந்த இடத்தில் மொழி ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. லத்தீனில் புகைக்கு ஃபூமுஸ். அந்தச் சொல் ஸ்பெயினுக்குப் போனதும் ஃப் ஹ்-வாயிற்று. பிறகு அந்த ஹ்-வும் ஒலியிழந்தது. இன்றைய ஸ்பானியத்தில் புகை ‘ஊமோ’. எழுதும்போது ஹ்-வுக்குரிய எழுத்தை முன்னால் வைக்கிறார்கள், சொல்லும்போது விட்டுவிடுகிறார்கள், நாம் ஹள்ளி என்று எழுதி அள்ளி என்று சொல்வதுபோல. உதட்டில் பிறந்த ஒலி மூச்சாகி மறையும் அதே வழி, அதே இரண்டு படி, அதே சொல்: புகை. திராவிடத்துக்கும் லத்தீனுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் கிடையாது. மனிதனின் உதடும் தொண்டையும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் சோம்பல்படும்.

முதலெழுத்தைத் தொலைப்பது தருமபுரிக்குப் புதிதுமன்று. தகடூர் என்று இந்த ஊருக்குப் பெயர் இருந்த காலத்தில் ஆண்ட அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். அசோகனின் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு ‘சதியபுத’ என்று ஒரு மரபினர் வருகிறார்கள். அவர்கள் யார் என்று ஆய்வாளர்கள் நெடுநாள் முட்டிமோதினார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயருக்கு முன்னால் அதே பட்டம். வழக்கு முடிந்தது. சதிய என்பதில் முதல் ச் கழன்றால் அதிய. புத என்றால் மகன். மகன் என்பது பேச்சில் சுருங்கினால் மான். சேரமான், மலையமான்போல அதியமான். நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தவர் தம் பெயரின் முதலெழுத்தையும் யாருக்கோ கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

பெயரின் பின்பாதிக்கு வருவோம். கல்லில் சிக்கல் இல்லை. நாமக்கல், திண்டுக்கல் வரிசை. கன்னடத்தில் இந்த ஊரை ஒற்றைக் ககரத்தோடு ‘ஹொகெனகல்’ என்று எழுதுகிறார்கள். ‘க்க’ என்று இரட்டித்தது தமிழ் வாய். ஆக, சொல்லின் தலையில் கன்னடக் கைவேலை, இடுப்பில் தமிழ்க் கைவேலை. நடுவில் நிற்கும் ன-தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. கன்னட இலக்கணப்படி புகையின் கல் என்பது ‘ஹொகெய கல்லு’ என்று யகரத்தோடு வர வேண்டும். ராமன ஊரு, ஊரின ஜன என்று வேறு வகைச் சொற்களுக்கு வரும் னகரம் இங்கே ஏறியிருக்கிறது. இரண்டு மொழியும் கலந்து பேசுகிற எல்லைக் காட்டில் இலக்கணத்தை யார் காவல் காத்தார்கள்? தமிழிலும் ‘இன்’ சாரியை இருக்கிறது, கன்னடத்திலும் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இங்கேதான் உகுநீர்க்கல் நுழைகிறது. ஒகேனக்கல்லின் உண்மையான பழந்தமிழ்ப் பெயர் உகுநீர்க்கல், அது மருவிவிட்டது என்று சிலர் எழுதியும் பேசியும் வருகிறார்கள். உகுத்தல் என்றால் சிந்துதல். நீர் உகும் கல். அழகான சொல், மறுக்கவில்லை. கேட்டவுடன் ஆமாம் என்று சொல்லத் தோன்றும் சொல். ஆனால் அழகு சாட்சியாகாது. நீர்க்கல் என்பதில் உள்ள நீண்ட ஈகாரமும் ரகரமும் சுவடில்லாமல் எங்கே போயின? கன்னடத்தில் முதலில் நிற்கும் ஹ் எங்கிருந்து வந்தது? ஹ் இல்லாத ஒரு தமிழ்ச் சொல்லைக் கன்னடத்தார் வாங்கி, அதற்குத் தற்செயலாகப் புகை என்ற பொருள் வரும்படி ஹ் சேர்த்து, அதுவும் அருவிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது என்றால், மூன்று தற்செயலை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும். புகையை ஏற்றுக்கொண்டால் ஒரு தற்செயலும் வேண்டாம். எனக்கு இதில் வருத்தம் வேறு. பெயரைத் தமிழாக்கப் புறப்பட்டவர்கள், ஏற்கனவே நம்முடையதாக இருந்த புகையைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்து வைத்துவிட்டார்கள்.

அருவிக்குப் புகை என்று பெயரிட்டது நம் பக்கத்தார் மட்டுமில்லை. ஜபல்பூருக்கு அருகே நர்மதை விழும் இடம் துவாந்தார். துவா என்றால் இந்தியில் புகை, தார் என்றால் தாரை. ஆப்பிரிக்காவில் ஜாம்பேசி ஆறு 108 மீட்டர் விழும் இடத்துக்கு அந்நாட்டு மக்கள் வைத்த பெயர் ‘மோசி ஓவா துன்யா’, முழங்கும் புகை. 1855 நவம்பரில் அங்கே போய்ச் சேர்ந்த லிவிங்ஸ்டன் தம் அரசியின் பெயரைச் சூட்டி விக்டோரியா ஆக்கிவிட்டார். நல்லவேளை, மன்றோவுக்கு அந்த ஆசை வரவில்லை.

ஆனால் ஜாம்பேசி எங்கே, ஒகேனக்கல் எங்கே! இங்கே அருவியின் உயரம் சுமார் 20 மீட்டர்தான். இவ்வளவு குட்டையான அருவிக்குப் புகை எப்படி? ஆறு ஒரே தாரையாக விழாமல் பல கிளையாகப் பிரிந்து, குறுகிய பாறை இடுக்குகளில் நாலா பக்கமிருந்தும் ஒன்றன்மேல் ஒன்று மோதுகிறது. இடுக்கில் அகப்பட்ட காற்று திவலையை மேலே தூக்குகிறது. இதுகூட எப்போதும் இல்லை. சித்திரை, வைகாசியில் தண்ணீர் குறைந்த நாட்களில் போனால் கல்தான் இருக்கும், புகை இருக்காது. தென்மேற்குப் பருவமழையில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வழிந்து, விநாடிக்கு 1 லட்சம் கன அடியைத் தாண்டி வரும்போது இன்னொரு விபரீதம்: அருவிகளே மூழ்கிவிடும். பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. மேலே நின்று பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரே ஓட்டம். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பெயர் தன் பொருளோடு இருக்கும். அந்தக் கல்லும் சாதாரணக் கல்லன்று. இந்த வட்டாரத்துக் கார்பனடைட் பாறைகளின் வயதைச் சுமார் 240 கோடி ஆண்டு என்று நிலவியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் பதினைந்து நூற்றாண்டுக் கன்னடமும் இருபது நூற்றாண்டுத் தமிழும் ஒரு கண் சிமிட்டல்.

ஆற்றோடு மேலே போனால் இன்னும் இரண்டு பெயர்கள். கர்நாடகம் விடும் தண்ணீரை அளக்கும் இடம் பிலிகுண்டுலு. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று விதித்த கணக்கு அங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. தொலைக்காட்சியில் தினமும் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். ஏதோ எந்திரத்தின் பெயர்போலக் கேட்கிறது. தமிழில் வகரத்தில் தொடங்குவது கன்னடத்தில் மெலிந்த பகரத்தில் தொடங்கும்: விலை பெலெ ஆனதை முன்பே பார்த்தோம். அதே வழியில் வெள் என்ற நம் அடிச்சொல் அங்கே பிளி, அதாவது வெள்ளை. குண்டு உருண்டைக்கல்; கடைசி ‘லு’வில் தெலுங்கின் வாசனை. வெண்குண்டுகள் என்று சொன்னால் ஆற்றில் கிடக்கும் வெளிறிய பாறைகள் கண்ணில் தெரியும். அதற்கும் மேலே மேகெதாட்டு: மேகெ என்றால் ஆடு, தாட்டு என்பது நம் தாண்டு. ஆடு தாண்டிவிடும் அளவுக்குக் காவிரி குறுகும் இடம். ‘ஆடுதாண்டும் காவிரி’ என்ற தமிழ்ப் பெயரை நம் பெரியவர்கள் இயல்பாகச் சொல்லிவந்தார்கள். அணைச் செய்தி வந்த பிறகு நாமும் மேகதாது என்று எழுதிப் பழகிவிட்டோம். மேகமும் தாதும் சேர்ந்த ஏதோ மருந்துப் பெயர் மாதிரி இருக்கிறது.

எல்லைக்கோடு பற்றியும் ஒரு வார்த்தை. அக்கரை அன்று அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில், சென்னை மாநிலத்தில் இருந்தது. அதுவரை ஒகேனக்கல்லில் காவிரிக்கு இரு கரையும் ஒரே அரசாங்கம். மொழிவாரிப் பிரிவினைக்குப் பிறகுதான் நடு ஆற்றில் கோடு விழுந்தது. தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். 2008இல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது இரு மாநிலத்திலும் கொடி பிடித்தார்கள், பேருந்துகள் நின்றன. டீக்கடைகளில் பெயர் யாருடையது, ஊர் யாருடையது என்று மொழியியலும் நடந்தது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல் கறைபட்டு எலும்பு வளைந்த மக்களுக்காக ஜப்பானியக் கடனில் வந்த திட்டம் அது. 2013 மே 29இல் திறக்கப்பட்டது. ஹல்லு என்றாலும் பல் என்றாலும் கறை ஒன்றுதான்.

துறையில் இறங்கினால் சொற்கள் இன்னும் நெருக்கமாக வருகின்றன. பரிசல் துறை ஒன்றுக்குக் கோத்திக்கல் என்று பெயர். கன்னடத்தில் குரங்குக்குள்ள சொல்லைத் தமிழில் ஒற்றைத் தகரத்தோடு எழுதினால் ஒலி மெலிந்துவிடும். வல்லொலியைக் காக்க நாம் இரட்டிப்போம். அப்படிப் பார்த்தால் அது குரங்குக்கல்லாக இருக்கலாம். சுண்டல் பொட்டலத்தைப் பறிகொடுத்தவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள். சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் ஒரு கிளைக்குச் சினி ஃபால்ஸ். ஐந்தருவி மட்டும் யாரிடமும் கடன் வாங்காமல் நிற்கிறது. அருவி என்று நேரான சொல் இருக்கும்போது நீர்வீழ்ச்சி என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து வைத்தது யார் என்று தெரிந்தால் கேட்க வேண்டும். ஊர்க்காரர்கள் அதையும் சொல்வதில்லை, ‘ஃபால்ஸ்’ என்கிறார்கள், அல்லது அருவி என்கிறார்கள்.

பரிசலுக்கும் கன்னடத்தில் ஹரிகோலு. மறுபடியும் அதே ப், அதே ஹ். தமிழ் அகராதியில் பரிசில் என்ற வடிவமும் உண்டு. அதே எழுத்துகளுக்கு வேறொரு பழைய பொருளும் உண்டு: புலவருக்கு அரசன் தரும் கொடை. தகடூர் வாயிலில் ஔவை பரிசிலுக்குக் காத்திருந்தார். அதே தகடூர் நாட்டில் இன்று டோக்கன் வாங்கிக்கொண்டு நாங்கள் பரிசிலுக்குக் காத்திருந்தோம். இரண்டும் வேறு வேறு சொற்கள்தான், எழுத்து மட்டும் ஒன்று. ஆனால் வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பவனுக்கு இப்படி ஏதாவது வேண்டும்.

எங்களை ஏற்றிய பரிசல்காரர் ஐம்பதைத் தாண்டியவர். மூங்கில் வட்டிலின் அடியில் முன்பெல்லாம் தோல் போர்த்துவார்களாம். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஒற்றைத் துடுப்பு. எதிரே கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்த பரிசலைப் பார்த்து அவர் கன்னடத்தில் ஏதோ கேலி பேசினார். அந்த ஆள் பாதித் தமிழில் திருப்பிக் கொடுத்தார். எங்களிடம் திரும்பியதும் முழுத் தமிழ். ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாமா என யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாமல் இருக்காது, தினமும் பத்துப் பேர் கேட்பார்கள். அதற்குள் பாறைச் சுவர் இரண்டு பக்கமும் உயர்ந்து, வானம் ஒரு கீற்றாகி, இரைச்சல் காதை அடைத்தது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. முன்னால் அருவி தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ கிளம்பி எங்கள் பக்கம் சாய்ந்து வந்தது. அவர் துடுப்பை ஓங்கிப் போட்டுக்கொண்டே கத்தினார்.

“சார், போன உள்ள வைங்க, பொக அடிக்குது!”